முக்கால் கரண்டி உப்பு

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பழைய மஞ்சள் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அதன் முற்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் புத்தகத்துக்காக விருந்து நடந்தது. அது என் ஐந்தாவது சமையல் புத்தகம். கடல் தாண்டிப் போய்விட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பி வந்த குடும்பங்களின் சமையல். அதிலிருந்து ஆறு பதார்த்தங்களைத் தேர்ந்தெடுத்து, ஓட்டல்காரர்களே சமைத்துப் பரிமாறினார்கள்.

நான்காவதாக மீன் வந்தது.

பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் இரண்டு துண்டு வஞ்சிரம். மேலே கருகிய சர்க்கரையின் பளபளப்பு. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எதிர் மேசையில் இருந்த அம்மாள் ஒரு வாய் எடுத்து வைத்தார். வாய் அசைந்தது, நின்றது. கைத்துணியை எடுத்து உதட்டில் ஒற்றுவது போல ஒற்றி, அதற்குள்ளேயே துப்பினார். பக்கத்து மேசையில் தண்ணீர் கேட்டார்கள். அதற்கடுத்த மேசையிலும் கேட்டார்கள். தட்டுகளில் மீன் அப்படியே கிடந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது.

நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மீன் மெத்தென்று இருந்தது, சூடாக இருந்தது, அவ்வளவுதான். என் நாக்கில் ருசி போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த முற்றத்தில் அது தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு.

என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். தானே இஸ்திரி போட்ட வெளிர் நீலச் சட்டை. தலையைக் குனிந்து, அவசரமில்லாமல், இரண்டு துண்டையும் சாப்பிட்டு முடித்தார். அந்த மதியம் காலியாகத் திரும்பிய மீன் தட்டு அது ஒன்றுதான்.

விருந்தாளிகள் விட்டுப்போன புத்தகங்கள்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் எந்தச் சமையல் பள்ளிக்கும் போனவள் இல்லை என்று தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வரி.

வெள்ளைக்காரர் தெருவில் ஒரு விருந்தினர் விடுதியில் இருபது வருடத்துக்கு மேல் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டி கனக்கிறது என்று புத்தகங்களை அறையிலேயே விட்டுப் போவார்கள். துப்பறியும் கதைகளை விடுதி முதலாளி அலமாரியில் வைத்துக்கொள்வார். சமையல் புத்தகங்களை யாரும் கேட்கவில்லை. நான் எடுத்து வந்தேன்.

பாதி எனக்குப் படிக்கத் தெரியாத மொழிகள். படத்தைப் பார்ப்பேன். அகராதியை வைத்துக்கொண்டு வெங்காயம், பூண்டு, உப்பு என்ற மூன்று சொற்களைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றது தானாக வரும். மொரோக்கோ புத்தகம் ஒன்றில் முழு எலுமிச்சையைக் கீறி, உப்பை அடைத்து, ஜாடியில் போட்டு வெயிலில் வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். அதன் பிறகு மொரோக்கோ எனக்கு அடுத்த தெருவாகிவிட்டது.

இத்தாலிக்காரர்களின் குழைந்த சோற்றைப் பொன்னி அரிசியில் செய்த நாளும் நினைவிருக்கிறது. வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம் போட்டுப் பாடுபட்டுக் கிண்டி வைத்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"பொங்கல் நல்லாதான் இருக்குது. மொளகு போட மறந்துட்ட."

தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினார் அவர். அவருடைய அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. சாப்பாடு என்றால் சூடாக இருக்க வேண்டும், நேரத்துக்கு இருக்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு அதைப் பற்றிப் பேச ஒன்றும் கிடையாது. நான் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் நின்று எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொரு புத்தகமாகப் போட்டபோதெல்லாம், அட்டையைத் தடவிப் பார்ப்பார். "கனமா இருக்குது" என்பார். அது அவருடைய பாராட்டு.

காப்பியில் தொடங்கியது

எல்லார் வீட்டுக் கதவும் அடைத்திருந்த அந்த வருடத்தில் எனக்கும் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்துவிட்டேன். பதினோராவது நாள் காலையில் டிகாக்ஷன் இறக்கினேன். முகத்துக்கு நேரே ஆவி வந்தது. மணம் வரவில்லை.

பாலில்தான் ஏதோ என்று நினைத்தேன். பிறகு பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தேன். பூண்டை நசுக்கினேன். குப்பையில் கிடந்த மீன் செதிலைக்கூட எடுத்து முகர்ந்து பார்த்தேன். எல்லாம் தண்ணீர் போல இருந்தன. ஒரு கல் உப்பை நாக்கில் வைத்தேன். அது கரைந்தது மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். மிளகாயின் எரிச்சல் மட்டும் ஒரு மாதத்தில் வந்தது. வேறெதுவும் வரவில்லை.

புத்தகம் அப்போது பாதியில் நின்றது. இன்னும் முப்பது பதார்த்தங்களைச் செய்து, ருசித்து, அளவு எழுத வேண்டும். நான் பதிப்பாளரிடம் சொல்லவில்லை. சமையல் புத்தகம் எழுதுகிறவளுக்கு நாக்கு இல்லை என்று வெளியே தெரிந்தால் அப்புறம் யார் என்னை அடுப்படியில் விடுவார்கள்? தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் பட்டறையிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு, எதிரே வந்து நின்றார்.

"நான் சாப்ட்டுப் பாத்துச் சொல்றேன். எழுது."

"ஒங்களுக்கு என்னங்க தெரியும்?"

"தெரியாது. கத்துக்கறேன்."

உண்மையிலேயே கற்றுக்கொண்டார். முதல் வாரம் எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்குது" என்பார். எனக்குக் கோபம் வரும். பிறகு அவருடைய தொழில் பேச்சிலேயே சொல்ல ஆரம்பித்தார். பட்டறையில் அளவைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ 'ஒரு நூல்' என்று சொல்வார்கள். "உப்பு ஒரு நூல் கம்மி." "புளிப்பு ரெண்டு நூல் ஏறிடுச்சி." "இனிப்பு முன்னாடி வருது, காரம் பின்னாடி வருது, நடுவுல ஒண்ணுமில்ல." கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயிலிருப்பதை அவசரப்படாமல் மெல்லுவார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் என்னிடம் அத்தனை பேசியது அந்த ஒரு வருடத்தில்தான்.

மிசியேவின் மீன்

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மிசியே அந்துவான் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவர் வீட்டைச் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் சொல்வார்கள். பிறந்தது பிரெஞ்சுக்காரர்கள் அப்போது ஆண்ட சைகோனில். அவருடைய அப்பா அங்கே சுங்கத்தில் குமாஸ்தா. சின்ன வயதில் கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்தபோது, அவருடைய அம்மா கூடவே கொண்டு வந்தது இந்த மீன் சமையலை.

சர்க்கரையைச் சட்டியில் போட்டு, சிவந்து, கருக்கப் போகும் நேரத்தில் மீன் சாஸை ஊற்ற வேண்டும். சீறும். அதில் மிளகும் உள்ளிப்பூண்டும் போட்டு, வஞ்சிரத் துண்டுகளை அடுக்கி, சிறு தீயில் வற்ற விட வேண்டும். மிசியேவுக்கு முட்டி வலி. அடுப்படி வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு எனக்குச் சொன்னார்.

"சாஸ்லயே உப்பு இருக்குது மதாம். மேல கொஞ்சமாதான் போடணும். காப்பி ஸ்பூன்ல முக்கா."

நான் வீட்டுக்கு வந்து செய்தேன். என் வீட்டுக்காரர் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய், படகிலிருந்து இறங்கிய மீனாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். நான்கு முறை செய்தேன். நான்காவது முறை அவர் கண்ணைத் திறந்தார்.

"சரியா நிக்குது. இதுக்கு மேல ஒரு கல்லு போடாத."

மத்தியானத்துக்கு என்று சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். நான் அளவை எழுதினேன். புத்தகம் முடிந்தது.

"ஒங்க நாக்க நம்பினேன் பாருங்க"

விருந்துக்குத் திரும்புகிறேன்.

கடைசியில் இளம் சமையல்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "மேடம், புத்தகத்துல இருக்கற அளவ அப்படியே போட்டோம். உப்பு ஜாஸ்தியா இருக்கேன்னு எனக்கே தோணுச்சு. ஆனா அந்த ஊர் முறை அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்." குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீடு வரும் வரை நான் வாய் திறக்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் திறந்தேன்.

"சரியா நிக்குதுன்னு சொன்னீங்களே?"

"நான் சாப்ட்டப்ப இப்படி இல்ல கோமதி."

"பின்ன எப்படி? முக்கா கரண்டின்னு எழுதினேன், முக்கா கரண்டின்னுதான் புத்தகத்துல இருக்குது. அன்னைக்கே உப்பா இருந்துருக்கு. ஒங்களுக்குத் தெரியல."

அவர் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஏதாவது திருப்பிச் சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

"இரும்பு புடிச்சவருக்கு ருசி எங்கேருந்து வரும்? ஒங்க நாக்க நம்பினேன் பாருங்க, என் புத்திய செருப்பால அடிச்சிக்கணும்."

இந்தச் சொற்களை எழுதும்போது என் கை நிற்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அப்படித்தான் சொன்னேன்.

அவர் நீலச் சட்டையைக் கழற்றவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டார். "கொஞ்சம் வெளியில போயிட்டு வரேன்" என்றார். பொழுது சாயும்போது திரும்பி வந்தார். கடற்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார் என்று நினைத்தேன்.

"காப்பி போடறியா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு அவர் எதையும் ருசித்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டார். ஒருநாள் ரசத்தில் உப்பே போடவில்லை என்பது கீழ் வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவர் அதை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார்.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் காலை, பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாராம். தண்ணி குடுங்கப்பா என்றாராம். தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அழுதேன். ஆனால் அந்தச் சண்டையைப் பற்றிய குற்ற உணர்வு பெரிதாக இருக்கவில்லை. சொன்ன விதம்தான் தப்பு, சொன்னது சரிதானே என்றே என் மனம் கணக்குப் போட்டிருந்தது.

ஓர் எழுத்து

அடுத்த வருடம் இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பாளர் ஏற்பாடு செய்தார். நல்ல பிள்ளை, பெயர் குமரன். திருத்தங்கள் பார்ப்பதற்காக என் கையெழுத்துப் பிரதி, பிழைதிருத்தப் படிகள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி அனுப்பியிருந்தார்.

நேராக மீன் பக்கத்துக்குப் போனேன். உப்பை எவ்வளவு குறைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தேன்.

உப்பு – முக்கால் தே.க.

அச்சுப் படியைப் பார்த்தேன்.

உப்பு – முக்கால் மே.க.

மிசியே காப்பி ஸ்பூன் என்று சொன்ன தேக்கரண்டி மேசைக்கரண்டியாகியிருந்தது. ஒன்றுக்கு மூன்று பங்கு. கணினியில் அடித்தவர் கை தவறியிருக்கலாம். ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு 'சரி' குறி இருந்தது. அது என் பேனா. நான் படித்து, சரி என்று ஒப்புதல் கொடுத்தது.

'முக்கால்' என்பது மட்டுமே என் நினைவில் இருந்தது. எந்தக் கரண்டி என்று நான் யோசிக்கவே இல்லை. விருந்து முடிந்த அன்று புத்தகத்தைப் பிரித்து ஒழுங்காக ஒரு வரி படித்திருந்தால் போதும். நான் படிக்கவில்லை. குற்றம் யாருடையது என்று முன்பே முடிவு செய்துவிட்டிருந்தேன்.

மறுநாள் மீன் வாங்கி வந்து, கையெழுத்துப் பிரதியில் இருந்தபடியே சமைத்தேன். ருசி சொல்ல வீட்டில் ஆள் இல்லை. தூக்குவாளியில் போட்டுக்கொண்டு மிசியே அந்துவான் வீட்டுக்குப் போனேன்.

ஒரு வாய் எடுத்தார். தலையை ஆட்டினார். "செ சா, மதாம். இதேதான். அன்னைக்கு ஒங்க மிசியே டப்பாவுல கொண்டாந்து குடுத்தாரே, அதே மாரி."

"யாரு? என் வீட்டுக்காரரா? எப்ப?"

மிசியே கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கினாரு. இப்ப அவரே இல்ல, இனிமே என்ன. நீங்க எழுதி முடிச்ச அன்னைக்கு டப்பாவ எடுத்துக்கினு இங்க வந்தாரு. 'எனக்கு சரின்னு படுது, ஆனா நான் சாப்ட்டு வளந்த ருசி இல்ல இது, நீங்க பாத்து சொல்லுங்க'ன்னாரு. எங்கம்மா செஞ்ச மாரியே இருக்குதுன்னு சொன்னேன். பெருசா தலைய ஆட்டிட்டு வேலைக்குப் போனாரு."

நான் தூக்குவாளியைத் தரையில் வைத்தேன்.

"அப்புறம் அந்த விருந்து அன்னைக்கு சாயந்திரம் மறுபடி வந்தாரு. புதுச் சட்ட போட்டுக்கினு, கையில ஒங்க புத்தகம். ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். நான் சொன்னது காப்பி ஸ்பூன், புத்தகத்துல மேசைக்கரண்டின்னு போட்டிருந்துது. போயி மதாம்கிட்ட சொல்லிடுங்கன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"வேணாம்னாரு. 'ஏற்கெனவே மூக்கும் நாக்கும் போயி நிக்கறா. கண்ணும் தப்புப் பண்ணிடுச்சின்னு தெரிஞ்சா எழுதறதயே வுட்டுடுவா. தப்பு என்னோடதாவே இருந்துட்டுப் போவுது'ன்னாரு."

கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தார் என்று நான் நினைத்தது அந்தச் சாயங்காலத்தைத்தான். மிசியே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். முட்டி வலியோடு அவர் நடந்து போனதும் திரும்பி வந்ததும் தெரிந்தது. அதற்கு மேல் அந்த வீட்டில் என்ன நடந்தது, எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்பதெல்லாம் என் நினைவில் சரியாக இல்லை.

அடிக்குறிப்பு

என் வீட்டுக்காரர் பயந்தபடியே நடந்தது. ஏழு மாதம் நான் பேனாவைத் தொடவில்லை. குமரன் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மூன்றாம் முறை வந்தபோது திருத்திய பக்கத்தைக் கொடுத்தேன். மீன் சமையலுக்குக் கீழே நான் எழுதி வைத்திருந்த வரிகளைப் படித்துவிட்டுத் தயங்கினார்.

"இதெல்லாம் யாரும் போடறதில்லம்மா. சத்தமில்லாம திருத்திட்டுப் போயிடலாமே."

"போடுங்க குமரன். இல்லன்னா அந்தப் பக்கமே வேணாம்."

போட்டார். சின்ன எழுத்துதான்.

'முதல் பதிப்பில் உப்பின் அளவு தவறாக அச்சாகிவிட்டது. பிழைதிருத்திய நூலாசிரியையின் தவறு அது. இந்நூலின் பாதிப் பதார்த்தங்களைச் சுவைத்து அளவு சொன்னவர் துரைக்கண்ணு. அவர் சரியாகவே சொன்னார்.'

புத்தகம் வந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். காரைக்காலிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். மீன் செய்து பார்த்தாராம். வீட்டில் எல்லாரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்களாம். என்னென்னவோ பேசிவிட்டு, வைக்கப் போகும் நேரத்தில் கேட்டார்:

"கீழ ஒருத்தர் பேரு போட்டுருக்கீங்களே, துரைக்கண்ணுன்னு. அவரு பெரிய சமையல்காரராம்மா?"

"என் வீட்டுக்காரரும்மா. லேத் பட்டறையில இருந்தாரு."

"அப்படியா! என்னா கரெக்டா சொல்லியிருக்காரு. நல்ல நாக்கும்மா அவருக்கு."

"ஆமாம்மா," என்றேன். "நல்ல நாக்கு."

போனை வைத்தபிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ முகம் தெரியாத அம்மாள், காரைக்காலில் இருந்துகொண்டு, ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். நான் ஒருநாளும் என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னதில்லை.